வீடு கட்ட அரசு தரும் உதவி எப்படி வந்து சேர்கிறது?

அரசு ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். ஆனால் சேலம் மாவட்டத்தில் நடைமுறையில் உள்ள திட்டங்களில் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. மனை பயனாளியுடையது, கொத்தனாரைப் பிடிப்பது, மணல் இறக்குவது, தண்ணீர் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கட்டுமானம் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டிய பிறகு, செலவில் ஒரு பகுதியை அரசு அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் இறங்கியவர்கள், இருந்த குடிசையையும் பிரித்துவிட்டு, பாதிச் சுவரோடு மழைக்காலத்தை எதிர்கொள்வதை இன்றும் பார்க்க முடிகிறது.

உதவி வரும் வழிகள் மூன்று. சொந்த மனை வைத்திருப்பவருக்குக் கட்டுமான மானியம் உண்டு. வங்கியில் கடன் வாங்கி வீடு வாங்குபவருக்கோ கட்டுபவருக்கோ வட்டி மானியம் உண்டு. மனையே இல்லாதவருக்கு இலவச வீட்டுமனைப் பட்டா அல்லது அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒதுக்கீடு உண்டு. இவற்றில் எது தமக்குரியது என்பதை வருமானத்துக்கு முன்பாக முகவரி தீர்மானிக்கிறது. பனமரத்துப்பட்டி, அயோத்தியாப்பட்டணம், ஏற்காடு போன்ற ஒன்றியங்களின் கிராம ஊராட்சிகளில் வசிப்பவர்கள் ஊரக வளர்ச்சித் துறையின் திட்டங்களுக்குள் வருகிறார்கள். சேலம் மாநகராட்சியிலும் ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி போன்ற நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் வசிப்பவர்கள் நகர்ப்புறத் திட்டங்களுக்குள் வருகிறார்கள். மாநகராட்சி எல்லையை ஒட்டிய ஊர்களில் இது பலருக்குக் குழப்பமாக இருக்கும். வீட்டு வரி ரசீதை எந்த உள்ளாட்சி தருகிறதோ அதுவே விடை.

ஊரகப் பகுதியிலிருந்து தொடங்குவோம். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் 1985-86இல் இந்திரா ஆவாஸ் யோஜனா என்ற பெயரில் தொடங்கியது. நம் ஊர்களில் தொகுப்பு வீடு என்று சொல்லப்படும் பழைய வீடுகள் பலவும் அந்தக் காலத்தவை. 2016இல் அது பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா (கிராமின்) ஆனது. மாநில அரசு தன் பங்குக்கு 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தையும், 2011-12இல் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தையும், 2024-25 நிதிநிலை அறிக்கையில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையும் கொண்டுவந்தது. ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறும், தொகை மாறும். மனைக்கு உரிமை இருக்க வேண்டும், பட்டியலில் பெயர் வர வேண்டும், பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும் என்ற மூன்றும் எல்லாத் திட்டங்களிலும் தொடர்கின்றன. அதனால் திட்டத்தின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதைவிட இந்த மூன்றில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து வைத்திருப்பதே பயனுள்ளது.

தொகையைப் பார்ப்போம். மத்தியத் திட்டத்தில் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். இதை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. காங்கிரீட் கூரை போட இந்தத் தொகை போதாது என்பதால், கூரைக்கென்றே தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து மேலும் 1.20 லட்சம் சேர்த்துத் தருகிறது. இதன்மேல் 100 நாள் வேலைத் திட்டத்தில், தம் வீட்டு வேலைக்காகவே 90 நாள் கூலி பெறும் வசதி உண்டு. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய் என்பதால் அது 30,240 ரூபாய். தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய். எல்லாம் சேர்த்தால் 2.82 லட்சத்துக்குச் சற்று மேலே. கலைஞரின் கனவு இல்லத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. வீட்டின் அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. குடிசைகளே இல்லாத தமிழ்நாடு என்ற நோக்கத்தோடு, 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது அதன் இலக்கு.

இந்தத் தொகையில் வீடு முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே நேர்மையான பதில். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று கணக்கிட்டால்கூட 360 சதுர அடிக்கு 7.20 லட்சம் ஆகிறது. அதற்கும் குறைந்த விலைக்கு மேஸ்திரி ஒப்புக்கொள்வது இன்று அரிது. குடும்பமே சித்தாள் வேலை பார்த்து, பழைய ஜன்னல் கதவுகளைப் பயன்படுத்தி, பூச்சு வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாலும் ஒரு பெரிய இடைவெளி எஞ்சும். அதை எதைக்கொண்டு நிரப்புவது என்பதை முதல் செங்கல்லுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மத்தியத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே, விரும்பும் பயனாளிக்கு 70,000 ரூபாய் வரை வங்கிக் கடன் கிடைக்க அலுவலர்கள் உதவ வேண்டும் என்று இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் குழு வழியாகவோ கூட்டுறவு வங்கி வழியாகவோ கடன் கேட்கலாம். வாரத் தவணைக்கு வீடு தேடிவந்து தரும் கடனை இதற்கு வாங்குவது என் பார்வையில் கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது. வீடு எந்த வருமானத்தையும் ஈட்டித் தராது, தவணையோ அடுத்த வாரமே தொடங்கிவிடும்.

அடுத்தது பட்டியல். மத்தியத் திட்டத்தின் பயனாளிகள் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டார்கள். அதில் விடுபட்டவர்களுக்காக 2018இல் ஆவாஸ் பிளஸ் என்ற கணக்கெடுப்பு நடந்தது. 2011க்குப் பிறகு திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்த ஒரு தலைமுறையே முதல் பட்டியலில் இல்லாமல் போனதற்கு அந்த 2011 கணக்கெடுப்பே காரணம். விலக்குக்கான விதிகளும் உண்டு: மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வாகனம் வைத்திருப்போர், வருமான வரி செலுத்துவோர், குடும்பத்தில் அரசு ஊழியர் உள்ளோர் போன்றோர் தகுதி பெறுவதில்லை. இருசக்கர வாகனமும் குளிர்சாதனப் பெட்டியும்கூட முன்பு தகுதியின்மையாகக் கருதப்பட்டன. 2024இல் அவை நீக்கப்பட்டன. குடும்பத்தில் ஒருவருடைய மாத வருமான வரம்பும் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய மொபெட் ஒன்றைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மீண்டும் கேட்பதில் தவறில்லை.

பட்டியல் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கிராம சபை கூடுகிறது. அன்று வாசிக்கப்படும் பெயர்களில் தம் பெயர் உண்டா என்று பார்ப்பதோடு, இல்லாவிட்டால் மனுவாக எழுதிக் கொடுத்து அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்றும் பார்க்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு, சரி பார்க்கலாம் என்ற பதிலோடு வீடு திரும்புவதால் ஒன்றும் நடக்காது. பெயர் சேர்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சேர்த்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராயினும் அவர் கேட்பது லஞ்சம்.

இப்போது மனைக்கு வருவோம். அனுபவத்தில் பெரும்பாலான விண்ணப்பங்கள் நின்றுபோவது இங்கேதான். தாத்தா பெயரில் பட்டா இருக்கும். தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து ஆளுக்கொரு மூலையில் குடியிருப்பார்கள். ஊருக்கு அது தெரியும், அலுவலகத்துக்குத் தெரியாது. பட்டாவை எடுத்துப் பாருங்கள்: மேலே மாவட்டம், வட்டம், கிராமம், அதன் கீழே பட்டா எண்ணும் உரிமையாளர் பெயரும், பிறகு புல எண், உட்பிரிவு எண், பரப்பு. உரிமையாளர் என்ற இடத்தில் விண்ணப்பிப்பவரின் பெயரோ அவருடைய கணவன் அல்லது மனைவியின் பெயரோ இருக்க வேண்டும். நான்கைந்து பெயர்கள் இருந்தால் அது கூட்டுப் பட்டா. எந்தப் பகுதி யாருடையது என்று அந்தத் தாள் சொல்லாது. அப்போது வாரிசுச் சான்று பெற்று, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்க வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். பட்டியலில் பெயர் வந்த பிறகு இதைத் தொடங்கினால் அந்த நிதியாண்டு கைவிட்டுப் போகும்; பெயர் வருவதற்கு முன்பே, திட்டம் எதுவும் அறிவிக்கப்படாத காலத்திலேயே, செய்து வைக்க வேண்டிய வேலை இது. நத்தம் எனப்படும் ஊர்க் குடியிருப்பு நிலத்தில் பல காலமாகக் குடியிருந்தும் பட்டா வாங்காதவர்களும் முதலில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே பட்டா கிடைக்காது. அவர்கள் மாற்றிடம் கேட்பதே வழி.

ஏற்காட்டில் இந்த மனைச் சிக்கல் வேறொரு வடிவம் எடுக்கிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் மலையாளி இனத்தவர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். ஆனால் 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டத்தின் சிறப்பு வீட்டு உதவி, மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனத்தவரே அந்த வகையில் இருக்கிறார்கள். மலையாளி இனத்தவர் இல்லை. பழங்குடிகளுக்குத் தனி வீட்டுத் திட்டம் வந்துவிட்டதாமே என்று கேள்விப்பட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு வருபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவது இதனால்தான். அவர்களுக்குப் பொதுவான ஊரகத் திட்டங்களே வழி.

வன உரிமைச் சட்டத்தின்கீழ் அனுபவ நிலத்துக்கு உரிமை பெற்ற குடும்பங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி கிடைக்கும் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்படுகிறது. பிள்ளைகளுக்கு வாரிசாகச் சேரும். விற்கவோ பிறர் பெயருக்கு மாற்றவோ முடியாது. நிலம் கைவிட்டுப் போகாமல் காப்பதற்கான நல்ல ஏற்பாடு இது. அதே ஏற்பாட்டால், விற்க முடியாத நிலத்தை வங்கி அடமானமாக ஏற்பதில்லை. ஆகவே அந்தக் குடும்பத்துக்குக் கட்டுமான மானியம் பொருந்தும், வீட்டுக் கடனும் வட்டி மானியமும் நடைமுறையில் பொருந்தா.

காப்பித் தோட்டங்களில் முதலாளி வரிசையாகக் கட்டித் தந்த லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களின் நிலை இன்னும் கடினம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்குக் குடியிருப்பு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. அதனால் வேலை பார்க்கும் காலம் முழுவதும் தலைக்கு மேல் கூரை உண்டு. ஓய்வு பெறும் நாளில் வீடும் இல்லை, மனையும் இல்லை. மனை இல்லாதவருக்குக் கட்டுமான மானியம் பயன்படாது. அவர்கள் ஓய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பாகவே இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு விண்ணப்பிப்பதுதான் சரி. பட்டியலில் வந்த நிலமற்ற பயனாளிக்கு நிலம் ஏற்பாடு செய்வது மாநில அரசின் பொறுப்பு என்று மத்தியத் திட்டத்தின் விதிகளும் சொல்கின்றன என்பதை மனுவில் குறிப்பிடலாம்.

மலையில் செலவும் கூடும். எம் சாண்டும் ஜல்லியும் கம்பியும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறி வர வேண்டும். லாரி போகாத ஊர் என்றால், ரோட்டோரம் கொட்டியதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக இன்னொரு கூலி. அயோத்தியாப்பட்டணத்தில் கட்டுபவரைவிட மலையுச்சிக் கிராமத்தில் கட்டுபவருக்கு ஆகும் இந்தக் கூடுதல் செலவுக்கு ஈடாகத் தொகை கிடைக்காதது, என்னைக் கேட்டால், இந்தத் திட்டங்களின் பெரிய குறை.

பணம் எப்போது வரும்? ஊரகத் திட்டங்களில் வழக்கமாக அடித்தளம், லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலின் மேல்விளிம்பு உயரம்), கூரை, நிறைவு என்ற நான்கு நிலைகளில் வரும். அடித்தளம் முடிந்ததும் ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வருவார். நாடாவால் நீளமும் அகலமும் அளப்பார். பயனாளியை அடித்தளத்தின் அருகில் நிற்க வைத்துக் கைப்பேசியில் படம் எடுப்பார். அந்தப் படத்தோடு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகும். கட்டுவதற்கு முன்பு காலி மனையில் எடுத்த படமும் இதுவும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். மனையின் வேறொரு கோடியிலோ அண்ணன் மனையிலோ கட்டினால் சிக்கல். படம் ஏறி, மதிப்பீடு பதிவாகி, மேலே ஒப்புதல் கிடைத்த பிறகே தவணை கணக்குக்கு வரும். அதாவது முதல் தவணை வருவதற்கு முன்பே அடித்தளச் செலவைச் சொந்தக் கையிலிருந்து போட்டிருக்க வேண்டும். சிமெண்டும் கம்பியும் அரசு விலையில் ஒன்றியக் கிடங்கிலிருந்து தரப்படும். அவற்றின் விலை தவணைத் தொகையில் கழித்துக்கொள்ளப்படும். இதை அறியாமல், சொன்ன தொகையைவிடக் குறைவாக வந்திருக்கிறதே என்று வங்கிப் புத்தகத்தைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. பொருள் வாங்கிய சீட்டுகளை ஒரு பையில் போட்டு வைத்தால் கணக்குப் பார்க்கலாம்.

இரண்டு சிறிய யோசனைகள். மனையில் இடமிருந்தால் குடிசையை விட்டுவிட்டுப் பக்கத்தில் கட்டுங்கள், வாடகை மிஞ்சும். மலைப்பகுதியில் என்றால், தை பிறந்ததும் அடித்தளம் தோண்டி, ஆடிக்குள் கூரை போட்டுவிடும்படி திட்டமிடுங்கள். ஐப்பசி மழையில் சென்டிரிங் பலகையோடு காத்திருப்பது வீண் வாடகை.

நகர்ப்புறத்தில் இப்போதைய அடிப்படை, 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ளவர்கள் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர். 3 முதல் 6 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவினர். 6 முதல் 9 லட்சம் வரை நடுத்தர வருமானப் பிரிவினர். குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அவர்களில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது. அம்மாப்பேட்டையிலோ குகையிலோ சொந்தமாகச் சிறு மனை வைத்திருக்கும் நலிந்த பிரிவுக் குடும்பம் தானே வீடு கட்டிக்கொள்ள, மத்திய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு குறைந்தது 1 லட்சமும் தர வேண்டும் என்பது விதி. வீட்டின் உட்பரப்பு 30 முதல் 45 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே தறி போடும் குடும்பங்கள் வரைபடம் போடும்போதே அதற்கு இடம் ஒதுக்கச் சொல்ல வேண்டும். 30 சதுர மீட்டர் வீட்டில் ஒரு குழித்தறி ஏறக்குறைய ஓர் அறையையே எடுத்துக்கொள்ளும்.

வட்டி மானியத்தை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால்தான் விளங்கும். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 10 லட்சம் கடன் வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 9,000 ரூபாய். முதல் மாதத் தவணையில் 7,500 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் குறைவது 1,500 மட்டுமே. முதல் ஆண்டு முழுவதும் கட்டினாலும் அசல் 19,000 ரூபாய்கூடக் குறைந்திருக்காது. இந்தத் திட்டத்தில் முதல் 8 லட்சம் கடனுக்கு, 12 ஆண்டு வரையிலான காலத்துக்கு, 4 சதவீத வட்டி மானியம் கணக்கிடப்படுகிறது. உச்சத் தொகை 1.80 லட்சம். அது ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் சேரும். அதிகபட்சம் தவணைக்கு 36,000 ரூபாய். அதாவது ஒரு தவணை மானியம், முதல் இரண்டு ஆண்டுகளில் நாம் குறைக்கும் அசலுக்கு ஏறத்தாழ இணையானது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கடன் 2024 செப்டம்பர் 1க்குப் பிறகு வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தவணை மானியம் வரும்போதும் கணக்கு நடப்பில் இருந்து, அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் முடிந்த பழைய வட்டி மானியத்தில் 2.67 லட்சம் வரை ஒரே தடவையில் கிடைத்தது. அந்தக் கணக்கை இன்னும் சொல்லி வீடு விற்கும் தரகர்கள் இருப்பதால், விற்பவர் சொல்லும் மானியத்தை நம்பாமல் வங்கியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மனையில்லாத நகர்ப்புறக் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் குடியிருப்புகள் ஒதுக்குகிறது; 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய அதே அமைப்புதான். இதிலும் பயனாளியின் பங்குத் தொகை உண்டு. தொகையைக் கட்டி முடித்ததும் கிரயப் பத்திரம் வாங்கிவிட வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே கையில் இருந்தால், அடுத்த தலைமுறை அதே வாரிசுச் சிக்கலில் வந்து நிற்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குச் சொந்த வீட்டுக்கென 4 லட்சம் ரூபாய் வரை தரும் தனித் திட்டமும் இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். மனை வாங்குபவர்கள், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

கிடைத்த வீட்டைக் காப்பதற்கும் உதவி உண்டு. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024-25இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பழுதுபார்க்க முடியாத அளவுக்குச் சிதைந்த 25,000 வீடுகளை 600 கோடி ரூபாயில் மறுபடி கட்டும் திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. கூரையில் கம்பி தெரியும் தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள், புது வீட்டுக்கு மனுக் கொடுத்து நிராகரிக்கப்படுவதற்குப் பதிலாக, இவற்றைக் குறிப்பிட்டே ஊராட்சியில் மனுக் கொடுக்க வேண்டும்.

வங்கிக் கடனில் வீடு வாங்கியவருக்கு ஆபத்து வேறு. தவணை தொடர்ந்து 90 நாள் நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின், அடமானச் சொத்தை வழக்கு இல்லாமலே வங்கி கையகப்படுத்த இடம் தரும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசத்தோடு அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைக் கண்டு ஒளிந்துகொள்வதுதான் பலர் செய்வது. அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கிவிட்டால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆனால் 90 நாள் தாண்டுவதற்கு முன்பே, ஒரு தவணை தவறியவுடன், கிளை மேலாளரை நேரில் பார்த்துத் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்பது இவை எல்லாவற்றையும்விட எளிது. கணக்கு நடப்பில் இருக்கும்வரைதான் வட்டி மானியத்தின் அடுத்த தவணையும் வந்து சேரும்.